நெல் ஆலை சேர்வரில் ரெய்ட் 5: டிஸ்க் வேகம் என்கிறார்கள், பில் மட்டும் நகரவில்லை

நெல்மணி (சம்மாந்துறை) கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு அரிசி ஆலைக்குக் கணினி வேலைகளை நான்தான் பார்க்கிறேன். ஆலைக் கவுண்டரிலும் வெளியே இருக்கிற நெல் கொள்வனவு நிலையங்களிலும் போடுகிற பில் எல்லாம் ஒரே சேர்வருக்கு வருகிறது. டெபியன் லினக்ஸ், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், ரேம் 32 ஜிபி. 4 டிபி சாட்டா டிஸ்க் நான்கு, எல்லாம் 7200 ஆர்பிஎம், 1 ஜிபி கேஷ் (தற்காலிக நினைவகம்) உள்ள ஹார்ட்வெயார் கொன்ட்ரோலரில் ரெய்ட் 5, அதாவது டேட்டாவோடு பரிட்டி என்ற மீட்புக் கணக்கையும் நான்கிலும் பரப்பி எழுதுகிற முறை. விற்றவர்களே அப்படிச் செட் பண்ணித் தந்தார்கள், 12 டிபி இடம் கிடைக்கும், ஒரு டிஸ்க் போனாலும் பயமில்லை என்று சொல்லி. எங்கள் டேட்டாபேஸ் மொத்தமாக 60 ஜிபி கூட வராது.

சாதாரண நாளில் ஒன்றும் தெரிவதில்லை. பெரும்போக வேளாண்மை வெட்டுத் தொடங்கி, நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசைக்கு வந்ததும்தான் கஷ்டம். ஒரு லோட் 60 மூடை என்றால் மூடைக்கு மூடை நிறை ஒரு வரியாகப் பதிவாகும். எல்லாம் நிறுத்து முடிந்து பில்லைச் சேவ் பண்ண அழுத்தினால் 4, 5 செக்கன் அப்படியே நிற்கிறது, இரண்டு மூன்று நிலையங்கள் ஒரே நேரத்தில் அழுத்தினால் அதற்கும் மேல். வெயிலில் நிற்கிற விவசாயி கவுண்டரைத்தான் ஏசுவார், அவருக்கு டிஸ்க் பற்றி என்ன தெரியும்.

விற்றவர்கள் வந்து டிடி கட்டளையால் 2 ஜிபிக் கோப்பு ஒன்றை எழுதிக் காட்டினார்கள், செக்கனுக்கு 1.1 ஜிபி என்று வந்தது. டிஸ்க்கில் பிழை இல்லை, மென்பொருளில்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மென்பொருள் எழுதியவர் டிஸ்க்கைத்தான் சொல்கிறார். டொப் ஓடவிட்டுப் பார்த்தால் சிபியூ சும்மா கிடக்கிறது, டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற ஐஓ வெயிட் மட்டும் 40, 50 வீதம்.

டிஸ்க்கை ஜோடி ஜோடியாக மிரர் பண்ணுகிற (ஒரே டேட்டாவை இரண்டிலும் எழுதுகிற) ரெய்ட் 10க்கு மாற்றினால் சரி வருமா? மாற்றுவதற்கு முன் எதை, எப்படி அளக்க வேண்டும்? முதலாளியிடம் காசு கேட்பதென்றால் கையில் எண் இருக்க வேண்டும்.


எழுவான்கரை (மட்டக்களப்பு) பதில்:

தம்பி, அந்த 1.1 ஜிபி உங்கள் ரேமின் வேகம். 32 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 2 ஜிபிக் கோப்பை எழுதினால் லினக்ஸ் அதைப் பேஜ் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு முடிந்துவிட்டது என்று சொல்லிவிடும், டிஸ்க்குக்குப் பிறகு ஆறுதலாக அனுப்பும். கணக்காகவும் பாருங்கள்: 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று தொடர்ச்சியாக எழுதும்போது செக்கனுக்கு 150 முதல் 200 எம்பி வரைதான் போகும். ரெய்ட் 5இல் நான்கு டிஸ்க் என்றால் டேட்டாவுக்கு மூன்றுதான், அதிகபட்சம் 600 எம்பி. 1.1 ஜிபி என்று ஒரு எண் வந்தவுடனேயே அது டிஸ்க்கைத் தொடவில்லை என்று தெரிந்துவிடும்.

சரி, பேஜ் கேஷைத் தவிர்த்து அளந்தாலும் அந்த எண் உங்களுக்கு உதவாது. டேட்டாபேஸ் பெரிய கோப்பை நேராக எழுதுவதில்லை. போஸ்ட்கிரஸ் 8 கேபிப் பக்கமாக, டிஸ்க்கின் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று வாசித்து எழுதுகிறது. ஒவ்வொரு கொமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதியாக்கும் கட்டளை) டபிள்யூஏஎல் லொக்கை, அதாவது மாற்றங்களை முதலில் குறித்து வைக்கிற பதிவை, டிஸ்க்கில் உண்மையாகவே இறக்கிவிட்டுத்தான் சரி என்று பதில் சொல்கிறது. அந்த இறக்குகிற வேலைதான் எஃப்சிங்க். உங்கள் பில் நிற்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். 7200 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 7200 சுற்று, செக்கனுக்கு 120, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். இடையில் கேஷ் எதுவும் இல்லாத ஒற்றை டிஸ்க்கில் ஒரு கிளையன்ட் ஒன்றன்பின் ஒன்றாகக் கொமிட் பண்ணினால் செக்கனுக்கு 120ஐத் தாண்டவே முடியாது, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ரெய்ட் 5இல் இன்னும் மோசம். ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய டேட்டாவை வாசி, பழைய பரிட்டியை வாசி, புது டேட்டாவை எழுது, புதுப் பரிட்டியை எழுது என்று நான்கு வேலை. வாசித்த அதே இடத்தில் திரும்ப எழுத மறுபடி ஒரு சுற்றுக் காத்திருக்க வேண்டும். ரெய்ட் 6 என்றால் ஆறு வேலை, ரெய்ட் 10 என்றால் இரண்டுதான், அந்த இரண்டும் ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குக்குப் போகும்.

ஒன்றையும் மாற்றாமல் முதலில் இதைச் செய்யுங்கள். போஸ்ட்கிரஸோடு பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்று ஒரு சின்னக் கருவி வருகிறது. டெபியனில் அது சாதாரணப் பாதையில் இருக்காது, போஸ்ட்கிரஸ் பதிப்புக்குரிய bin என்ற ஃபோல்டருக்குள் தேட வேண்டும். நீங்கள் நிற்கிற ஃபோல்டரில்தான் அது சோதனைக் கோப்பை எழுதும், ஆகவே கோப்பின் இடத்தை டேட்டாபேஸ் இருக்கிற டிஸ்க்குக்குக் காட்டிக் கொடுங்கள். வருகிற வரிகளில் எஃப்டேட்டாசிங்க் என்று உள்ளதைப் பாருங்கள், லினக்ஸில் போஸ்ட்கிரஸ் வழக்கமாகப் பாவிப்பது அதைத்தான். ஆலை மூடிய நேரத்தில் ஓட்டி எண்ணை இங்கே போடுங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் நடுவில் ஏதோ ஒரு கேஷ் பதில் சொல்கிறது, நூறுக்குக் கீழே வந்தால் எந்தக் கேஷும் உதவவில்லை.


கடற்கரை வீதி (கல்முனை) பதில்:

கொன்ட்ரோலரின் பற்றரியைப் பாருங்கள் தம்பி. நான் ஹார்ட்வெயார் சேர்விஸ்தான் செய்கிறேன், இந்தக் கரையோரத்தில் பற்றரி செத்துப்போன ரெய்ட் கார்டைத்தான் அதிகம் காண்கிறேன். பற்றரி நல்லாயிருந்தால் கார்ட் ரைட்-பேக்கில் ஓடும், அதாவது எழுத வந்ததைத் தன் கேஷில் வாங்கியதும் சரி என்று சொல்லிவிடும். கரண்ட் போனாலும் பற்றரி அந்தக் கேஷைக் காப்பாற்றி வைத்திருக்கும். பற்றரி போய்விட்டால் கார்ட் தானாக ரைட்-த்ரூவுக்கு மாறிக்கொள்ளும், டிஸ்க்கில் இறங்கும்வரை பதில் வராது. ஒரு சிவப்பு லைட்டும் எரியாது, டிஸ்க் எல்லாம் பச்சையாகவே இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

கொன்ட்ரோலரின் மென்பொருளைத் திறந்து பற்றரி நிலை என்ன, இப்போது நடப்பில் இருக்கிற கேஷ் முறை என்ன என்று இரண்டையும் பாருங்கள். செட்டிங்கில் ரைட்-பேக் என்று இருக்கும், நடப்பில் ரைட்-த்ரூ என்று இருக்கும், இரண்டும் வேறு வேறு வரி.

சூடுதான் பற்றரிக்கு முதல் எதிரி. சேர்வர் ஆலைக்குள்ளேயே இருந்தால் முன்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள், தவிட்டுத் தூசு ஃபேன் துவாரத்தில் ஒரு படையாகப் படிந்து காற்று உள்ளே போகாமல் இருக்கும். கடலோரத்தில் உப்புக் காற்று, உங்கள் பக்கத்தில் தவிடு.


நெல்மணி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே பார்த்தேன். எஃப்டேட்டாசிங்க் செக்கனுக்கு 44. பற்றரி நிலை "பழுது", செட்டிங்கில் ரைட்-பேக், நடப்பில் ரைட்-த்ரூ. கடற்கரை வீதி காக்கா சொன்னது ஒரு எழுத்துப் பிசகவில்லை. தூசும் அப்படித்தான், மூடியைக் கழற்றியதும் கம்பளம் மாதிரி உரிந்து வந்தது.

மென்பொருள் எழுதியவரிடமும் கதைத்தேன். பில்லில் உள்ள ஒவ்வொரு மூடை வரியும் தனித்தனிக் கொமிட்டாகப் போகிறதாம். 60 மூடை, கொமிட் ஒன்றுக்கு 22 மில்லிசெக்கன் அளவில், அதுவே 1.3 செக்கன், வேறு யாரும் சேர்வரைத் தொடாத நேரத்தில்.

கொன்ட்ரோலரில் இன்னொரு தெரிவும் இருக்கிறது, பற்றரி பழுதானாலும் எப்போதும் ரைட்-பேக்கிலேயே ஓட்டு என்று. யூபிஎஸ் இருக்கிறதே, புதுப் பற்றரி வரும்வரை அதைப் போட்டுவிடலாமா?


படுவான்கரை பதில்:

போடவே வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். போஸ்ட்கிரஸுக்கு டிஸ்க் கொடுக்கிற வாக்கு ஒன்றே ஒன்றுதான், எழுதிவிட்டேன் என்றால் எழுதியிருக்க வேண்டும். பற்றரி இல்லாத ரைட்-பேக்கில் அந்த வாக்குப் பொய். பொய் சொன்ன நேரத்தில் கரண்ட் போனால் கடைசிப் பில் மட்டும் தொலைவதோடு நிற்காது. கொன்ட்ரோலர் எதை முதலில் எழுதியது, எதை விட்டது என்று யாருக்கும் தெரியாது. லொக் ஒரு பக்கம், டேட்டா ஒரு பக்கம் என்று கிழிந்து டேட்டாபேஸ் எழும்பவே மாட்டேன் என்று நிற்கும். இல்லாவிட்டால் எழும்பி நின்று பிழையான நிறையைக் காட்டும், அது இன்னும் கெடுதல்.

யூபிஎஸ் சுவர்ப் பக்கத்துக் கரண்டுக்கு மட்டும்தான் காவல். சேர்வருக்கு உள்ளே இருக்கிற பவர் சப்ளை போனால், யாராவது வயரை இழுத்துவிட்டால், யூபிஎஸ்ஸின் சொந்தப் பற்றரியே ஓய்ந்துவிட்டால் அது உதவாது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் மின்னலோடு கரண்ட் எப்படிப் போய் வருகிறது என்பதை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், எந்த யூபிஎஸ் அதைத் தாங்கும்?

அவசரத்துக்கு ஒரு வழி வேண்டுமென்றால் மென்பொருளிலேயே இருக்கிறது. 60 வரியையும் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்துக் கடைசியில் ஒரு கொமிட். 60 எஃப்சிங்க் ஒன்றாகிவிடும், டிஸ்க் எதுவும் மாற்றத் தேவையில்லை. பில் என்பது முழுதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கவே கூடாது. பாதி மூடை பதிந்து பாதி பதியாமல் கரண்ட் போனால் என்ன செய்வதாக இருந்தார்கள்? இது வேகத்துக்காக மட்டும் சொல்வதில்லை, கணக்குச் சரியாக இருக்கவே இது வேண்டும்.

போஸ்ட்கிரஸில் சிங்க்ரனஸ் கொமிட்டை நிறுத்தி வைக்கிற ஒரு வழியும் உண்டு. அதில் டேட்டாபேஸ் கிழியாது, ஆனால் கரண்ட் போனால் கடைசி ஒரு செக்கனுக்கும் குறைவான நேரத்துக் கொமிட்டுகள் காணாமல் போகலாம். காசு பில்லுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். எஃப்சிங்க்கையே ஓஃப் பண்ணச் சொல்லி யாராவது வந்தால் அவர்களை சேர்வர் பக்கம் விடாதீர்கள்.


எழுவான்கரை:

44 என்பது ரைட்-த்ரூ ரெய்ட் 5க்கு எதிர்பார்க்கிற எண்தான். படுவான்கரை சொன்ன ட்ரான்ஸாக்‌ஷன் மாற்றத்தை முதலில் செய்யுங்கள், செலவே இல்லை. பற்றரியையும் மாற்றுங்கள், அதுவும் இல்லாமல் முடியாது. அப்புறம்தான் ரெய்ட் 10 கேள்வி.

பற்றரி வந்ததும் ரெய்ட் 5 திடீரென்று நல்லதாகத் தெரியும், எஃப்சிங்க் ஆயிரக்கணக்கில் காட்டும். ஆனால் கேஷ் 1 ஜிபிதான், அது கடனை ஒத்திப்போடுகிறது, தள்ளுபடி செய்வதில்லை. ரேமில் மாறியிருக்கும் பக்கங்களை டேட்டாபேஸ் டிஸ்க்குக்கு இறக்குகிற செக்பொயின்ட் நேரத்தில் அந்தப் பக்கங்கள் எல்லாம் டிஸ்க் முழுக்கச் சிதறி எழுதப்படும்போது அதே நான்கு வேலை அப்படியே காத்திருக்கும்.

கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த வகை டிஸ்க் ஒன்று சிதறிய வேலையில் செக்கனுக்கு 80 ஐஓ (வாசிப்பு அல்லது எழுத்து வேலை) தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான்குக்கும் 320. வேலை 70 வீதம் வாசிப்பு, 30 வீதம் எழுத்து. ரெய்ட் 5இல் ஒரு வேலையின் சராசரி விலை 0.7 கூட்டல் 0.3 பெருக்கல் 4, அதாவது 1.9. 320ஐ 1.9ஆல் பிரித்தால் 168. ரெய்ட் 10இல் விலை 1.3, ஆகவே 246. ரெய்ட் 6 என்றால் 128. எழுத்து வீதம் கூடக்கூட இடைவெளி இன்னும் அகலும், முழுக்க எழுத்து என்றால் ரெய்ட் 10 சரியாக இரண்டு மடங்கு. உங்கள் டேட்டாபேஸ் 60 ஜிபி, ரெய்ட் 10இல் 8 டிபி கிடைக்கும். 12 டிபிக்காக இந்த விலையைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இப்போது அளக்கும் முறை. ஃபியோ என்ற கருவியைப் போடுங்கள். 8 கேபி, சிதறிய வாசிப்பும் எழுத்தும் 70க்கு 30, டைரக்ட் ஐஓ போட்டுப் பேஜ் கேஷைத் தாண்டி, சோதனைக் கோப்பு குறைந்தது 64 ஜிபி. கோப்புச் சின்னதாக இருந்தால் டிஸ்க்கின் தலை ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே ஆடும், எண் அழகாக வரும், உண்மை வராது. நேரம் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் விடுங்கள், முதல் அரை நிமிடத்தில் வருவது கொன்ட்ரோலர் கேஷ் நிரம்பும் வேகம்தான். வரிசை ஆழம் (ஒரே நேரத்தில் டிஸ்க்கிடம் கொடுத்து வைக்கிற வேலைகளின் எண்ணிக்கை) 1இல் ஒரு முறை, 16இல் ஒரு முறை. முடிவில் சராசரியைப் பார்த்துவிட்டு விடாதீர்கள், 99ஆவது சதமானத் தாமதத்தை, அதாவது நூறில் 99 வேலை எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்பதைக் குறித்து வையுங்கள். கவுண்டரில் நிற்பவர் உணர்வது அந்த எண்ணைத்தான்.

பிறகு போஸ்ட்கிரஸின் சொந்தச் சோதனைக் கருவி பிஜிபெஞ்ச். அதில் ஸ்கேல் 1 என்றால் ஒரு லட்சம் வரி, ஏறக்குறைய 15 எம்பி. ஸ்கேல் 100ஐப் போட்டுவிட்டு ஆகா என்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது ஒன்றரை ஜிபி, உங்கள் ரேமுக்குள் ஓடி விளையாடும். ஸ்கேல் 3000 போடுங்கள், 45 ஜிபி வரும், ரேமை விடப் பெரிது. ஓட்டம் அரை மணித்தியாலமாவது இருக்கட்டும். செக்பொயின்ட் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை, சிலது வந்து போனால்தான் உண்மை தெரியும்.

ரெய்ட் மாற்றும்போது: டேட்டா முழுவதையும் வெளியே எடுங்கள். எடுத்ததை வேறொரு மெஷினில் ஏற்றி, பில் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அதன் பிறகுதான் பழைய அரேயை (டிஸ்க் தொகுதியை) அழிக்க வேண்டும். ஸ்ட்ரிப் அளவு (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதிவிட்டு அடுத்ததுக்குத் தாவும் துண்டு) 256 கேபி அல்லது அதற்கு மேல் இருந்தால் 8 கேபிப் பக்கம் இரண்டு டிஸ்க்குக்கு உடைந்து போவது அரிது. டிஸ்க்கின் சொந்த கேஷை ஓஃப் பண்ணி வையுங்கள், கார்டின் பற்றரி காப்பது கார்டின் கேஷை மட்டும்தான். அரே உருவான பிறகு பின்னணியில் இனிஷியலைஸ் ஓடும், இந்த அளவு டிஸ்க்குக்குப் பல மணித்தியாலம் எடுக்கும், அது முடியாமல் எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டாம்.


கடற்கரை வீதி:

ஒரு கேள்வி அண்ணன். நான்கு டிஸ்க்கையும் ஒன்றாக ரெய்ட் 10 போடுவதை விட, இரண்டை மிரர் பண்ணி டபிள்யூஏஎல்லுக்கும் மற்ற இரண்டை மிரர் பண்ணி டேட்டாவுக்கும் கொடுப்பதுதானே முறை? லொக் நேர்க்கோட்டில் எழுதப்படுவது, டேட்டாவோடு கலந்தால் தலை இங்கும் அங்கும் ஓட வேண்டி வரும் என்று படித்திருக்கிறேன்.


எழுவான்கரை:

பற்றரி கேஷ் இல்லாத சேர்வருக்கு அது நல்ல ஆலோசனை. ரைட்-பேக் கேஷ் வேலை செய்தால் லொக்கின் சின்ன எழுத்துகளைக் கார்டே சேர்த்துக் கட்டிப் பெரிய எழுத்தாக இறக்கிவிடும். அந்த நிலையில் இரண்டு டிஸ்க்கை லொக்குக்கு ஒதுக்கினால் அவை பெரும்பாலும் சும்மா இருக்க, டேட்டாப் பக்கம் இரண்டு டிஸ்க்கோடு திணறும். நான்கு டிஸ்க் மட்டும் என்றால் ஒரே ரெய்ட் 10 என்பது என் முடிவு. ஆறு, எட்டு டிஸ்க் இருந்தால் பிரிப்பதைப் பற்றிக் கதைக்கலாம்.


மருதமுனை நெசவு பதில்:

இவ்வளவு சொன்னீர்கள், அதிர்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சேர்வர் நெல் குற்றும் மெஷினுக்கு எவ்வளவு தூரம்? இங்கே பவர்லூம் ஓடுகிற கட்டடத்தில் கணினி வைத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், சுழலும் டிஸ்க்குக்கு அதிர்வு ஆகவே ஆகாது. தலை கோட்டை விட்டு விலகினால் திரும்பப் பிடிக்கும்வரை டிஸ்க் காத்திருந்து மறுபடி முயற்சிக்கும், பிழை என்று எதுவும் பதியாது, தாமதம் மட்டும் ஏறும். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று உரக்கக் கத்தியே தாமதம் எகிறுவதைத் திரையில் காட்டினார். மனிதக் குரலுக்கே அப்படியென்றால் குற்றும் மெஷினுக்கு?

ஃபியோவை ஆலை நின்ற நேரத்தில் ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை ஓட்டுங்கள். ஆலை மூடிய பிறகு மட்டும் அளந்தால் இது உங்கள் கண்ணில் படாது.


நெல்மணி:

எல்லாம் செய்து முடித்துவிட்டேன், எண்களைப் போடுகிறேன், பின்னால் தேடி வருகிற ஆட்களுக்கும் உதவும்.

மென்பொருளில் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனாக மாற்றியதுமே, பழைய டிஸ்க் நிலையிலேயே, பில் சேவ் ஒரு செக்கனுக்குள் வந்துவிட்டது. முதலாளிக்கு அதுவே போதும் போலிருந்தது, ஆனால் எண்ணைக் காட்டியதும் பற்றரிக்கும் காசு தந்தார்.

பற்றரி மாற்றி, ரெய்ட் 10, ஸ்ட்ரிப் 256 கேபி. எஃப்டேட்டாசிங்க் 44இல் இருந்து 6800. ஃபியோ 70க்கு 30, ஆழம் 16: பழைய அரேயில் 150க்குக் கிட்ட, இப்போது 270க்கு மேல். பிஜிபெஞ்ச் ஸ்கேல் 3000, எட்டுக் கிளையன்ட், முன்பு செக்கனுக்கு 45 அளவில் நின்றது இப்போது 190. எழுவான்கரை அண்ணன் கையால் போட்ட கணக்கு இவ்வளவு கிட்ட வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மருதமுனைக்காரர் சொன்னதும் உண்மை. ஆலை ஓடும்போது சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை, 99ஆவது சதமானம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சேர்வரைக் குற்றும் மெஷினோடு ஒட்டிய சுவரில் இருந்து கணக்குப்பிள்ளையின் அறைக்கு, தரையில் ரப்பர் விரிப்புப் போட்டு மாற்றினேன், அந்த ஏற்றம் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. தூசும் அங்கே குறைவு.

இனி எஸ்எஸ்டிக்குப் போக வேண்டுமா, இல்லை இதுவே போதுமா? கல்முனையில் கடைகளில் கிடைக்கிற சாதாரண எஸ்எஸ்டி இரண்டை வாங்கி மிரர் பண்ணினால் என்ன?


படுவான்கரை:

இந்த வேலைக்கு இதுவே போதும், வேறு கிளைகள் சேர்ந்தால் பிறகு யோசிக்கலாம். போவதென்றால் மேசைக் கணினிக்கு விற்கிற எஸ்எஸ்டியை வாங்க வேண்டாம். கரண்ட் போகும்போது கேஷில் உள்ளதை எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் உள்ளே இருக்கிற டேட்டா சென்டர் வகையைத் தேடுங்கள், பவர் லொஸ் புரொடெக்‌ஷன் என்று விவரத்தாளில் எழுதியிருக்கும். அது இல்லாதது ஒன்றில் எஃப்சிங்க்கில் மெதுவாக நிற்கும், அல்லது வேகமாகப் பொய் சொல்லும். உங்கள் 60 ஜிபிக்கு 480 ஜிபியில் இரண்டு, மிரர், அவ்வளவுதான், இந்த நான்கு டிஸ்க்கையும் எட்ட முடியாத தூரத்தில் விட்டுவிடும். வாங்கியதும் உடனே அளக்க வேண்டாம், புது எஸ்எஸ்டி காலியாக இருக்கும்போது காட்டும் வேகம் நிற்காது. முழுவதையும் இரண்டு தடவை எழுதி நிரப்பிவிட்டு அளந்தால்தான் உண்மை வேகம். எஸ்எஸ்டிக்கு மாறினால் போஸ்ட்கிரஸில் ரெண்டம் பேஜ் கொஸ்ட் என்ற செட்டிங்கை 4இல் இருந்து 1.1 அளவுக்குக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிளானர் (தேடும் வழியைத் தீர்மானிக்கிற பகுதி) இன்னும் சுழலும் டிஸ்க் என்று நினைத்தே இன்டெக்ஸைத் தவிர்க்கும்.

இன்னொன்று, பெக்கப். ரெய்ட் 10 டிஸ்க் சாவுக்கு மட்டும்தான் மருந்து. யாராவது பிழையான டிலீட் ஒன்றை ஓட்டினால் இரண்டு மிரரிலும் ஒரே கணத்தில் அழியும். ஒவ்வோர் இரவும் ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். 2004 டிசம்பரில் இந்தக் கரையில் எத்தனை அலுவலகங்களின் பதிவேடு அலுமாரியோடு போனது என்று நினைவிருக்கும் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.


நெல்மணி:

இரவுப் பிரதி ஒரு கொள்வனவு நிலையத்துக்குப் போகிற மாதிரி நேற்றே போட்டாயிற்று. கடைசியாக ஒன்று: உதிரி டிஸ்க் ஒன்று வாங்கி வைக்கலாம் என்றிருக்கிறேன். 4 டிபி எதுவென்றாலும் சரிதானே?


கடற்கரை வீதி:

இல்லை தம்பி. லேபலில் 4 டிபி என்று இருந்தாலும் செக்டர் எண்ணிக்கை மற்ற டிஸ்க்கை விடக் குறைந்தால் கார்ட் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம், ஆகவே அதே மொடல் கிடைத்தால் அதையே எடுங்கள். எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுகிற) டிஸ்க்கை எடுத்துவிடாதீர்கள், மலிவாக இருக்கும், ஆனால் மிரரைத் திரும்பக் கட்டும்போது எழுத்து ஊர்ந்து போகும். நல்ல டிஸ்க் என்றால் 4 டிபி முழுவதையும் செக்கனுக்கு 150 எம்பி வேகத்தில் திரும்ப எழுத ஏழரை மணித்தியாலம் அளவில் போதும், சேர்வரில் வேலையும் நடந்தால் இன்னும் கூடும். அந்த நேரம் முழுக்க அதன் ஜோடி டிஸ்க் தனியாகத்தான் நிற்கும். கொண்டு வந்ததும் பெட்டியோடு அலுமாரியில் வைக்காமல், வேறொரு மெஷினில் போட்டு ஒரு முறை முழுதாக எழுதி வாசித்துப் பார்த்துவிட்டு வையுங்கள். பற்றரி நிலையையும் மாதம் ஒரு முறை தானாக மெயில் வருகிற மாதிரிப் போட்டுவிடுங்கள், எப்படி என்று தெரியாவிட்டால் கார்டின் மொடலை எழுதுங்கள், கட்டளையை அனுப்புகிறேன்.